முடிவுக் கோட்டில் நிற்பவர்

அவரைத் தொடக்கக் கோட்டில் யாரும் ஒருநாளும் கண்டதில்லை. விடிய ஐந்து மணிக்கு நாங்கள் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டு நிற்கும்போது எங்கள் டவுனில் மாடு மாதிரித் திரிகிற மான்கள் மட்டும்தான் வீதியில் நிற்கும். கடைவாசலில் கிடக்கிற கடதாசி மட்டைகளைச் சப்பிக்கொண்டு எங்களைப் பார்க்கும். ஏழு மணிக்கு நாங்கள் இளைத்துக் களைத்து மைதானத்துக்குள் வரும்போது அவர் நிற்பார். வெள்ளைச் சேட், எண்ணெய் வைத்து வாரிய தலை, கழுத்தில் ஒரு விசில். அந்த விசில் ஊதி யாரும் கேட்டதில்லை. யாராவது படம் எடுக்கிறார்கள் என்றால் மட்டும் வென்றவனுக்கும் கமராவுக்கும் நடுவில் எப்படியோ வந்துவிடுவார்.

எங்கள் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் அவர். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் இதையும் வெட்டித் தன்னுடைய ஃபைலில் ஒட்டி வைப்பார். அப்படி ஒரு தடித்த ஃபைல் அவரிடம் இருந்தது. கழகத்துப் பிள்ளைகள் வென்ற செய்திகள் எல்லாம் அதில் இருக்கும். எந்தப் படத்தில் அவர் இல்லையோ அந்தச் செய்தி இருக்காது.

வென்றால், "நாங்கள் வெண்டிட்டம்" என்பார். தோற்றால், "நீங்கள் தோத்திட்டீங்கள்" என்பார். இந்த இரண்டு வசனத்துக்குள் அவரை முழுக்க அடக்கிவிடலாம். ஆனால் நடந்ததைச் சொல்லாவிட்டால் நான் அவரில் ஏதோ சொந்தக் கோபத்தில் கதைக்கிறேன் என்று நினைப்பீர்கள். சொந்தக் கோபமும் இருக்கிறதுதான்.

நான் அன்புவழிபுரத்துப் பெண். அந்தக் காலத்தில் எண்ணூறு மீற்றர் ஓடுவேன். இப்போது குடும்பநல மாது, ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிறவள். கழகத்தில் என்னைவிட ஐந்து வயது குறைந்தவன் நஸீர். கிண்ணியாப் பக்கம், குறிஞ்சாக்கேணி. தூர ஓட்டக்காரன். கிழமையில் ஒருநாள் கிண்ணியாப் பாலத்தில் தொடங்கி, சீனன்குடா தாண்டி, துறைமுகத்தைச் சுற்றி டவுன் வரைக்கும் ஓடியே வந்துவிடுவான். வந்த பிறகும் அவன் மூச்சு வாங்கிறதை நான் கண்டதில்லை. வாய்க்குள் ஒரு ரொபி கிடக்கும். "அக்கா, இண்டைக்குக் காத்து எதிர்க் காத்து" என்பான், அவ்வளவுதான்.

செயலாளர் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். கந்தோர்ப் புத்தி அவரை விட்டுப் போகாது. எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு கொப்பி தந்தார். முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் தானே எழுதுவார்: பாதையில் எந்தெந்த இடத்தில் நேரத்தைக் குறிக்கவேண்டும் என்று. பாலம், சந்தி, முகாம் கேற், மைதானம். கீழே கழக முத்திரை. ஏதோ ஒரு புத்தகத்தில் வெளிநாட்டுப் பயிற்சியாளர் இப்படித்தான் செய்கிறார் என்று பார்த்திருக்கிறார். சனிக்கிழமைகளில் கொப்பிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "பார்வையிட்டேன், திருப்தி" என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தருவார். ஒருமுறை நான் வேண்டுமென்றே, "இண்டைக்கு ஓடேல்ல, போர்த்துக்கொண்டு படுத்தனான்" என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கும் திருப்தி.

நஸீர் மட்டும் அந்தக் கொப்பியை வேதம் மாதிரி வைத்திருந்தான். கழகக் கொப்பி நிரம்பியதும் கடையில் ஒரு சாதாரணக் கொப்பி வாங்கி, சிவப்பு எழுத்தும் முத்திரையும் இல்லாத முதல் பக்கத்தில் இருந்தே நேரங்களை எழுதத் தொடங்கினான். பாலம் 5.10. சீனன்குடாச் சந்தி 5.48. முகாம் கேற் 6.20. ஒவ்வொரு கிழமையும்.

நாட்டில் எல்லாரும் எல்லாரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலம் வந்தது. ஒருநாள் காலை அந்தப் படைமுகாம் கேற்றுக்கு முன்னால் சிப்பாய்கள் அவனை மறித்தார்கள். முதுகுப் பையைத் திறந்தார்கள். தண்ணிப் போத்தல், துவாய், கொப்பி. கொப்பியில் வேறொன்றும் இல்லை, இடங்களும் நேரங்களும் மட்டும். ஆறு மாதத்துக் கணக்கு. முகாமை வேவு பார்க்கிறான் என்று பிணை இல்லாத சட்டத்தில் உள்ளே போட்டுவிட்டார்கள். தேசிய அணித் தெரிவுக்கு இரண்டு மாதம் இருந்தது.

ஒரே ஒரு மனிதர் ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும். "ஐயா, எழுதச் சொன்னது நான்தான்." கழகக் கொப்பியில் எழுத்தும் அவருடையது, முத்திரையும் அவருடையது, யோசனையும் அவருடையது.

அடுத்தநாள் மத்தியானம் அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை, ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. கண்ணாடிக்குள் இருந்துதான் கதைத்தார்.

"தங்கச்சி, அந்தப் பழைய கொப்பி ஏதும் கிடக்கோ?"

"கிடக்கு. ஏன்?"

"எரிச்சுப் போடுங்கோ. இண்டைக்கே எரிச்சுப் போடுங்கோ. எல்லாருக்கும் சொல்லிக்கொண்டுதான் வாறன்."

"நஸீர்?"

"ஆர் நஸீர்?" என்றார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கப் பார்த்தேன். ஹெல்மெட் கண்ணாடியில் என்னுடைய முகம்தான் தெரிந்தது. "உங்களுக்கு இப்பதானே நியமனம் கிடைச்சது. ஆறு மாசம் தானே? யோசிச்சு நடவுங்கோ."

அந்தக் கிழமை கழக அறைக்குப் போனபோது, மாகாணப் போட்டியில் எடுத்த பெரிய குழுப்படம் புதுச் சட்டத்துக்குள் இருந்தது. ஓரத்தில் நின்ற நஸீரைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டி எடுத்திருந்தார். ஆனால் நஸீர் அன்றைக்குச் செயலாளரின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றவன். கையை வெட்டினால் தன்னுடைய தோளும் போய்விடுமே. அதனால் கை இருந்தது. உடம்பு இல்லாத ஒரு கை, அவருடைய தோளில். அதைப் பார்த்துக்கொண்டு அவரால் தேத்தண்ணி குடிக்க முடிந்தது.

நஸீருடைய உம்மா செயலாளரிடம் போயிருக்கிறார். மகன் கழகத்து ஓட்டக்காரன் என்று ஒரு கடிதம் மட்டும் கேட்டிருக்கிறார். அவர் இல்லை என்று சொல்லவில்லை. இல்லை என்று சொல்வதற்கும் ஒரு முதுகெலும்பு வேண்டும். "லெட்டர்ஹெட் முடிஞ்சு போச்சம்மா. அடிக்கக் குடுத்திருக்கு. வந்த உடன தாறன்" என்றிருக்கிறார்.

இனி என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் கொப்பியை எரிக்கவில்லை. எரித்துவிட்டேன் என்று அவருக்குச் சொன்னேன். துணிச்சல் என்று நினைக்காதீர்கள். நான் முதலாவதாக வந்த ஒரே ஒரு போட்டியின் நேரம் அதில் எழுதியிருந்தது. அந்த ஆசையில்தான் அலுமாரியின் அடித்தட்டில் சேலைகளுக்குக் கீழே வைத்தேன். வைத்துவிட்டு இரண்டு வருசம் பேசாமல் இருந்தேன். வேலைக்குப் போனேன், கலியாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன். நஸீர் சிமெந்துத் தரையில் படுத்துக் கிடந்தான்.

பிறகு என்னைக் கிண்ணியாப் பக்கம் இடம் மாற்றினார்கள். குறிஞ்சாக்கேணியில் ஒரு வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி. போய் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வேலியில் ஒரு சோடி ஓட்டச் சப்பாத்து காய்கிறது. அடி தேய்ந்த பழைய சப்பாத்து, ஆனால் புதிதாகக் கழுவியிருந்தது.

"யார்ட சப்பாத்து?" என்று கேட்டேன்.

"நானாட" என்றாள் அந்தப் பெண். நானா என்றால் அண்ணன். "உம்மா மாசத்துக்கு ஒருக்கா கழுவிக் காயப் போடுவா. பூஞ்சணம் புடிச்சிருமாம்."

உம்மா தேத்தண்ணி கொண்டு வந்தார். மெலிந்த, உயரமான மனுசி. நஸீரின் கால்கள் எங்கிருந்து வந்தன என்று அப்போது தெரிந்தது. மகனைப் பிடித்த அன்றைக்கு அயலவர்கள் சொன்னதைக் கேட்டு, வீட்டில் இருந்த அவனுடைய கொப்பி எல்லாவற்றையும் அடுப்பில் வைத்துவிட்டதாகச் சொன்னார். முத்திரை வைத்த கழகக் கொப்பியும் அதற்குள்தான் இருந்திருக்கிறது. "நானே என்ட கையால எரிச்சன் மகள். லோயர் மிஸ் இப்ப அதத்தான் கேக்கிறா." பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"நீங்க டவுன் தானே? அந்தக் கழகத்துச் செயலாளரத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்த லெட்டர்ஹெட் அடிச்சு வந்திட்டா எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுவீங்களா? நான் இப்ப போய் நாலு மாசம். அடிக்கடி போனா அவருக்கும் கரைச்சல் தானே."

இரண்டு வருசம். அந்த மனுசி இன்னும் லெட்டர்ஹெட்டுக்காகக் காத்திருந்தார். நான் தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன்.

அடுத்தநாள் நஸீருக்காக வாதாடுகிற வழக்கறிஞர் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். போகுமுன் கொப்பியின் பிரவுண் பேப்பர் உறையைக் கழற்றினேன். உறையில் என் பெயர் இருந்தது. வழக்கறிஞர் கொப்பியின் முதல் பக்கத்தை விரித்தார். சிவப்பு மையில் பாலம், சந்தி, முகாம் கேற், மைதானம், முத்திரை, கையெழுத்து. அவர் அதை மூன்று தரம் வாசித்தார். பிறகு, "உங்கட பேரைப் போடவோ?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றேன். அவர் என்னை வற்புறுத்தவில்லை. அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

கொப்பி கோர்ட்டுக்குப் போனதும் செயலாளரைக் கூப்பிட்டார்கள். கையெழுத்தைக் காட்டிக் கேட்டபோது அவரால் மறுக்க ஏலவில்லை. "ஓம், என்ர கையெழுத்துத்தான். ஆனா நான் உள்ளுக்கு என்ன எழுதியிருக்கெண்டு வாசிக்கிறேல்ல, சும்மா வைக்கிறனான்" என்றாராம். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும். அதன் பிறகும் இழுத்து இழுத்து, கடைசியில் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். மூன்று வருசமும் சொச்சமும் கழித்து நஸீர் வெளியே வந்தான்.

மறியல் சிறை வாசலில் யார் மாலையோடு நின்றார் என்று நான் சொல்லத் தேவையில்லை. உம்மா மகனைக் கட்டிப்பிடிக்க முதல் அவர் மாலையைப் போட்டுவிட்டார். பேப்பரில் படம் வந்தது. அந்தக் கிழமையே கழகத்தில் புது லெட்டர்ஹெட்டும் வந்தது. அதில் பாராட்டுக் கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார்.

நஸீரால் பிறகு ஓட முடியவில்லை. முழங்கால் விட்டுவிட்டது. நடப்பான், கொஞ்சம் சாய்ந்து. கிண்ணியாவில் சைக்கிள் திருத்துகிற கடை ஒன்று போட்டான்.

கொழும்பிலிருந்து ஒரு பெண் அவனுடைய கதையைப் படமாக எடுக்க வந்தாள். இள வயது, கெட்டிக்காரி, தமிழ் தெரியாது. பாதி நேர்காணல், பாதி நடந்ததை நடித்துக் காட்டுவது. செயலாளர் அவளை ரயில் ஸ்ரேசனிலேயே போய்ப் பிடித்துக்கொண்டார். தங்க இடம், வான், சாப்பாடு, எல்லாம் அவர்தான் பார்த்தார். தன்னுடைய பாகத்தைத் தானே நடிப்பேன் என்று நின்றிருக்கிறார். எந்தப் பாகம் என்று எனக்கு அப்போது தெரியாது.

டவுன் மண்டபத்தில் படம் போட்டார்கள். நான் உம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். நஸீராக நடித்த பெடியன் நன்றாகத்தான் ஓடினான். விசாரணை அறைக் காட்சியில் மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது. நான் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் திரையில் பெருமழை. செயலாளர் வருகிறார். வெள்ளைச் சேட் நனைந்து ஒட்டியிருக்கிறது. நெஞ்சோடு ஒரு கொப்பியை அணைத்தபடி வழக்கறிஞர் வீட்டுப் படிகளில் ஏறுகிறார். பின்னால் புல்லாங்குழல்.

நான் போன அன்றைக்கு மழை இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. திரையிலும் பாருங்கள், அவருக்குப் பின்னால் இருந்த மதிலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தண்ணி பவுசர் லொறியில் குழாய் பூட்டி அவர் தலைக்கு மேல் மட்டும் மழை பெய்ய வைத்திருக்கிறார்கள். அதில் நனைந்து மூன்று நாள் சளி பிடித்துத் தடிமனாகக் கிடந்தார் என்று பிறகு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

உம்மா என் காதுக்குள் குனிந்தார். "இவர் லெட்டர்ஹெட்டத்தான் கொண்டு போறாராக்கும்" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

படம் முடிந்ததும் நஸீரை வெளியே மதிலடிக்குக் கூப்பிட்டேன். "என்ன இது? நீயும் இதுக்கு ஓம் எண்டு சொன்னனியோ?"

அவன் மதிலில் சாய்ந்துகொண்டான். "அக்கா, கொப்பி உங்கடயெண்டு லோயர் மிஸ் எனக்கு மட்டும் சொன்னவ. உறையக் கழட்டிப்போட்டுக் குடுத்தீங்களாம். அப்ப உங்களுக்குப் பயம் இரிக்கி எண்டு விளங்கிச்சு. படம் எடுக்கக்குள்ள, கொப்பி கொண்டு வந்தது யாரெண்டு கேட்டாங்க. நான் யோசிச்சிட்டு நிக்க, இவர் நான்தான் எண்டு முந்திட்டார். கோர்ட்டில கொப்பியில இருந்த எழுத்தப் பாத்த உடனயே உங்கடயெண்டு அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னார்." பிறகு மெதுவாகச் சொன்னான்: "ஆசப்படுறார், எடுத்துக்கட்டும் எண்டு விட்டன். அதோட வாறதையும் அவரே எடுத்துக்கட்டும்."

என்ன வரும் என்று நான் கேட்கவில்லை. ஒரு வருசத்துக்குள் வந்தது.

படம் வெளிநாடுகளில் ஓடி, பரிசும் வாங்கியபிறகு, புலனாய்வு விசாரணைக்காரர் இருவர் செயலாளர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். படத்துக்குப் பின்னால் யார், கொப்பியைக் கொடுக்கச் சொன்னது யார், வழக்கறிஞரை எப்படித் தெரியும். மூன்றாம் முறை வந்துபோன அடுத்தநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்த முறை ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தார். தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை.

"தங்கச்சி, ஒரு சின்ன உதவி. அந்தக் கொப்பி உண்மையில உங்கட தானே."

"எந்தக் கொப்பி?"

"பகிடி விடாதேங்கோ. எனக்குப் பிறசர். ராவில நித்திரை இல்ல. நீங்கள்தான் குடுத்தனீங்கள் எண்டு ஒருக்காச் சொல்லிவிட்டால் முடிஞ்சுது."

"நான் படம் பார்த்தனான். நீங்கள்தான் மழைக்குள்ள கொண்டு போனீங்கள்."

"ஐயோ, அது படம் தானே!"

தண்ணி வேணுமோ என்று கேட்டேன். அதற்குமேல் எனக்கு மனம் வரவில்லை. அவர் போனபிறகு கனகாலத்துக்குப் பிறகு மனம் நிறையச் சிரித்தேன். அந்தச் சந்தோசம் நாலு நாள் நிலைத்தது.

ஐந்தாம் நாள் அந்த இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். செயலாளர் தானாகவே போய் எழுத்தில் கொடுத்திருக்கிறார்: கொப்பிக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை, இன்னாருடையது, இன்ன முகவரி, இன்ன வேலை. முழு விபரம். கந்தோர்க்காரர் அல்லவா, ஒரு பிழையும் விடவில்லை.

வந்தவர்களில் ஒருவர் கொஞ்சம் தமிழ் கதைத்தார். "அந்தக் கொப்பி வழக்கறிஞருக்குக் குடுத்தது நீங்களா?"

என் மகள் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நினைத்துப் பார்த்தேன், இத்தனை வருசத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் நேராகக் கேட்ட முதல் ஆள் இவர்தான்.

"ஓம்" என்றேன். "நான்தான் குடுத்தனான். முந்தியே குடுத்திருக்க வேணும். அதையும் எழுதுங்கோ."

இன்னும் இரண்டு தரம் வந்தார்கள். ஒருநாள் முழுக்கக் கூப்பிட்டு வைத்துக் கேட்டார்கள். வழக்கறிஞர் அம்மா கூடவே இருந்தார். பிறகு விட்டுவிட்டார்கள். வேலையும் போகவில்லை.

அடுத்த மாதம் கழகப் பொதுக்கூட்டம். செயலாளர் தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சேட்டோடு மேடையில் நின்றார். நஸீர் முன்வரிசையில் இருந்தான், நான் அவனுக்குப் பக்கத்தில். அறிக்கை வாசித்து முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு எங்கள் பக்கம் கையை நீட்டினார்.

"இண்டைக்கு நான் ஒரு விசயம் வெளியில சொல்லப் போறன். அந்தக் கொப்பியைக் குடுத்தது எங்கட கழகத்துப் பழைய வீராங்கனை, இந்தத் தங்கச்சிதான். இவ்வளவு நாளும் பயந்துகொண்டு இருந்த பிள்ளை. அவவைத் துணிஞ்சு உண்மையைச் சொல்ல வைச்சது ஆர்? நான்தான்!"

கை தட்டினார்கள். நஸீர் தட்டவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நான் எழும்பினேன். "செயலாளர் சொல்லுறது உண்மைதான்" என்றேன். "விசாரணைக்காரரிட்ட தானாப் போய் என்ர பேரையும் விலாசத்தையும் எழுதிக் குடுத்தது இவர்தான். தன்னை விடச்சொல்லி."

கைதட்டல் ஒவ்வொரு வரிசையாக நின்றது. அவர் சிரித்த முகத்தோடு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அது திரும்பத் தொடங்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.